'ங்க' போட எவ்வளவு நேரம் ஆகும்?

1/ அரசு மருத்துவமனையில என்ன குறைன்னு கேட்டா பெட் இல்ல, ஆள் இல்லன்னு அடுக்குவோம். பைசா செலவில்லாம சரிபண்ணக்கூடிய குறை ஒண்ணு இருக்கு. நம்ம வாய். கொஞ்சம் நீளமான த்ரெட், முழுசா படிங்க.

2/ "பன்னெண்டாம் பெட் கிழவி", "அந்த டிபி கேஸ்", "பாய்சன் கேஸ்", "மெண்டல்". வார்டுல தினமும் புழங்குற வார்த்தைகள். சொல்றவங்க கெட்டவங்க இல்ல, பழகிப்போச்சு. பழகிட்டதால சரியாகிடாது.

3/ "மனசு புண்படும்னு சொல்ல வர்றீங்க, அதானே டாக்டர்?" அதோட நிக்காதுங்க. சிகிச்சையே கெடும்.

4/ காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். பலருக்கு அதற்கு முன்பே இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அந்த தெம்பில் மாத்திரையை விட்டவர் மறுபடி வருகிறார். எல்லார் முன்னாடியும் "வந்துட்டான்யா டிஃபால்ட்டர்"னு வரவேற்றா அடுத்த மாசம் வருவாரா? பாதியில் விட்ட சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். அது அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவலாம்.

5/ உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே தன் வரையறைகளிலிருந்து 'டிஃபால்ட்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. 'காசநோய் சந்தேக நபர்' என்பதையும் எடுத்துவிட்டது. சந்தேக நபர்ங்கிறது போலீஸ் ஸ்டேஷன் பாஷை. இருமலோட வந்தவர் என்ன திருடிட்டா வந்தார்?

6/ விஷம் குடித்து வந்தவரிடம் "சாகணும்னா வீட்லயே செத்திருக்கலாமே"ன்னு கேக்குறவங்க உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115 என்ன சொல்கிறது? தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும். ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து அதிகம். வயித்தைக் கழுவி உயிரைக் காப்பாத்திட்டு, வார்த்தையால அதே இடத்துக்குத் திருப்பி அனுப்பலாமா?

7/ "ஓபியில அவ்ளோ கூட்டம், ஒவ்வொருத்தரையா கொஞ்ச முடியுமா?" ஆள் பற்றாக்குறை நிஜம். நானும் அதே ஓபியிலதான் உக்காந்திருக்கேன். ஆனா அதே கூட்டத்துல கார்ல வந்து இறங்குறவர்கிட்ட "சொல்லுங்க சார்" தானா வருதே, அதுக்கு மட்டும் நேரம் எங்கேருந்து வந்துச்சு? "உக்காரு"வை "உக்காருங்க" ஆக்க அரை செகண்ட் போதும். யாருக்கு 'ங்க' போடலாம்னு நாம மனசுல ஒரு கணக்கு வச்சிருக்கோம். கோளாறு அங்கதான்.

8/ "ஊனமுற்றவரை மாற்றுத்திறனாளின்னு மாத்தினோம், சாய்தளம் வந்துச்சா?" சரியான கேள்வி. சாய்தளமும் வேணும்தான். ஆனா ஒருத்தரை "நொண்டி"ன்னு கூப்பிடுற ஆபீஸ்ல அவருக்காக சாய்தளம் கட்ட யாருக்குத் தோணும்?

9/ பொதுமக்களே, உங்களுக்கும் பங்கு இருக்கு. டாக்டர்னா "சார்", தூய்மைப் பணியாளர்னா "ஏய், இங்க வா". உங்க அம்மா வயசு அவங்களுக்கு. உங்க ஆபீஸ்ல பெருக்குறவங்க, டீ கொண்டுவர்ற அண்ணன், இவங்க பேர் என்னன்னு தெரியுமா? தெரியலன்னா நாளைக்குக் கேளுங்க.

10/ செய்ய வேண்டியது மூணுதான். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. 'ங்க' சேருங்க. நோயை ஆளோட பேரா ஆக்காதீங்க: 'டிபி கேஸ்' வேண்டாம், 'காசநோய்க்கு சிகிச்சை எடுக்கிறவர்'.

11/ கடைசியா ஒண்ணு. மருத்துவமனையில உங்களை யாராவது ஒருமையில விரட்டினா, சத்தம் போடாம, "மரியாதையா பேசுங்க"ன்னு சொல்லுங்க. எதிர்ல இருக்கிறது டாக்டரா இருந்தாலும் சரி.