லண்டன் மழையும் கட்டணமில்லாக் கதவுகளும்

லண்டன் செலவு மிகுந்த நகரம் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால், கையில் காசு குறைந்தவனை அந்நகரம் எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கோடையில் அறிய முடியாது. கோடையில் பூங்காக்கள் உண்டு. தேம்ஸ் நதிக்கரையில் நாள் முழுதும் நடக்கலாம். நவம்பரில், மாலை நான்கு மணியளவிலேயே பொழுது சாய்ந்து, காற்றும் மழையும் சேர்ந்து குடையை முறிக்கும் வேளையில்தான் கேள்வி பிறக்கிறது: காசு கொடுக்காமல் எங்கே ஒதுங்குவது? சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்து தேநீரின் விலையை ரூபாவாக மாற்றிப் பார்த்தால், முதல் மிடறே கசந்துவிடும்.

அத்தகைய நாட்களை அங்கு கழித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: இரண்டு ஏற்பாடுகள் ஏழைப் பயணியைக் காப்பாற்றுகின்றன. ஒன்று, பஸ். நிலக்கீழ் ரயிலைவிட அதில் கட்டணம் குறைவு. முதற்பஸ்ஸில் அட்டையைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்களுக்கு மாறினால் மீண்டும் கட்டணம் இல்லை. மேல்தட்டின் முன்னாசனம் கிடைத்தால், நனையாமலே பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம். 2014 முதல் பஸ்ஸில் காசு வாங்குவதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மற்றையது நூதனசாலைகள். தென் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினால், நிலத்தடி நடைபாதை வழியாகவே மூன்று பெரும் நூதனசாலைகளின் அருகே சென்றுவிடலாம். சிறப்புக் கண்காட்சிகளைத் தவிர வேறெதற்கும் கட்டணமில்லை. 1974 இல் சில மாதங்கள் தேசிய நூதனசாலைகளில் கட்டணம் அறவிட்டுக் கைவிட்டார்கள். பின்னர் அவற்றுட் சில மீண்டும் அறவிடத் தொடங்கின; 2001 டிசம்பரில் அதுவும் நீக்கப்பட்டது. மழைக்கு ஒதுங்க வந்தவனும் கலை ஆய்வாளனும் ஒரே வாசலால் நுழைகிறார்கள். எதற்காக வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.

இந்த வாசலில் வெளிநாட்டவரிடம் மட்டும் கட்டணம் அறவிட வேண்டுமென்ற குரல் அங்கே அவ்வப்போது எழுகிறது. அதில் நியாயமே இல்லையென்று கூறமாட்டேன். பழைய கட்டடங்களைப் பேணப் பெரும் பணம் வேண்டும். சீகிரியாவில் வெளிநாட்டவரிடம் நம்மவரைவிடப் பன்மடங்கு அறவிடும் நாட்டிலிருந்து வரும் எனக்கு, இதைக் கண்டிக்க என்ன தகுதி என்றும் கேட்கலாம்.

ஆயினும் இரண்டு காரணங்களால் இதனை நான் ஏற்கவில்லை. முதலாவது, உள்நாட்டவர் யார், வெளிநாட்டவர் யார் என்பதை வாசலில் எவ்வாறு அறிவது? பிரித்தானியாவில் எல்லோரும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டை என்று ஒன்றில்லை. ஆகவே ஐயம் முதலில் நிறத்தின் மீதே விழும். ஈஸ்ட்ஹாமில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையிடம் ஆதாரம் கேட்கப்படும். அருகில் நிற்கும் வெள்ளையர் கேள்வியின்றி உள்ளே போவார். 'அடையாள அட்டையைக் காட்டு' என்ற கட்டளையின் கனம் சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்த நமக்குத் தெரியும்.

இரண்டாவது, உள்ளே இருப்பவை யாருடையவை? பிரித்தானிய நூதனசாலையில் ஏறத்தாழ ஆளுயரத்தில், பொன்முலாம் பூசிய வெண்கலத் தாராதேவி நிற்கிறாள். ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததாகப் பதிவு சொல்கிறது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த றொபேர்ட் பிறவுண்றிக், 1830 இல் அதனை நூதனசாலைக்கு வழங்கினார். சீகிரியா இருந்த இடத்திலேயே இருக்கிறது, தாராதேவி அப்படியல்ல. மட்டக்களப்பிலிருந்து வருபவர் அவளைக் காண்பதற்குக் கட்டணம் கேட்பது, எடுத்துச் சென்ற பொருளுக்கு வாடகையும் கேட்பதாகும். திருப்பித் தருவது பற்றிய வழக்கு வேறு. அதுவரை கதவையாவது திறந்து வைக்கட்டும்.

பணம் தேவையெனில் வேறு வழியுண்டு. பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்கள் தங்குமிட வரி அறவிடுகின்றன. ஆடம்பர விடுதியில் தங்குபவர் கூடுதலாகச் செலுத்தட்டும். ஒரு நகரத்தின் பெருமை அதன் விலைவாசியில் இல்லை. மழை நாளில் காசில்லாதவனையும் கேள்வியின்றி உள்ளே விடும் வாசல்களிலேயே அது இருக்கிறது. லண்டனுக்கு அந்தப் பெருமை இன்னும் உண்டு. சில பவுண்களுக்காக அதனை இழக்கலாகாது.