பல்கலைக்கழக வாழ்வும் எமது கடனும்

எமது கல்லூரி யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே, பெற்ற வெற்றிகளை எண்ணி மகிழ்தல் இயல்பே. பேராதனைக்குச் சென்ற மாணவர் எத்தனை பேர், பொறியியலாளராயும் வைத்தியராயும் வெளிவந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டு மலர்களிலே பதிப்பித்தல் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆயின், பல்கலைக்கழக வாயிலை மிதித்த எமது பிள்ளையை அங்கே எதிர்கொண்டவர் யார், எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வினாவை நாம் கேட்பதில்லை. கண்டி மாநகரிலும் அதன் அயலிலும் வாழும் பழைய மாணவராகிய நாம் அதனைக் கேட்டேயாக வேண்டியவர்கள்.

பேராதனை வெறும் விரிவுரை மண்டபங்களின் தொகுதியாக எழுப்பப்பட்டதன்று. 1906 ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் தொடங்கினர். 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா, கண்டிப் பகுதியில் அமைவதா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் ஒருங்கு தங்கி வாழும் பல்கலைக்கழகமே வேண்டுமென்று உறுதியாய் நின்றார். 1952 இல் மாணவர் பேராதனைக்கு இடம்பெயர்ந்தனர். 1954 இல் முறைப்படி திறப்புவிழா நிகழ்ந்தது. அந்தானை மலைச் சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே விடுதிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று அருணாசலத்தின் பெயரையும், மற்றொன்று அவர்தம் தமையனார் இராமநாதனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

ஒருங்கு தங்கி வாழ்வதால் விளையும் பயன் யாது? யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், மலைநாட்டான், காலியான், குருநாகலான் ஆகிய அனைவரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே நூலகத்தில் இருந்து, ஒருவரை ஒருவர் அறிதலே அப்பயன். அது கனவாய் மட்டும் நின்றுவிடவில்லை. 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை அளித்தார். தமிழ்த் துறையிலே பேராசிரியர் கணபதிப்பிள்ளை வளர்த்த நாடக ஆர்வத்தைத் தொடர்ந்து, வித்தியானந்தன் அவர்கள் கிராமத்துக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ எனத் தொடர்ந்த அம்முயற்சியிலே, படித்தவர் இகழ்ந்து ஒதுக்கிய கலை மதிப்புப் பெற்றது. மாலை மணியடித்ததும் மாணவர் வீடு திரும்பிவிடும் கல்லூரியொன்றில் இவை இவ்வளவு செழித்திருக்கும் என்று எமக்குத் தோன்றவில்லை. விரிவுரையிற் கற்றது பாதி. விடுதியிலும் அரங்கிலும் கற்றது மறுபாதி.

அம்மறுபாதியை இன்று அரிப்பது பகிடிவதை. தகரப் பெட்டியுடன் பொல்காவலையில் வண்டி மாறி, சரசவி உயன நிலையத்தில் இறங்கிய அந்நாளைய மாணவனுக்கும், இரவு பஸ்ஸில் வந்திறங்கும் இந்நாளைய மாணவனுக்கும் நெஞ்சிலுள்ள அச்சம் ஒன்றே. வீட்டை விட்டு முதன்முறை பிரிந்தவன் அவன். சிங்களம் அறியாதவனாயும் ஆங்கிலத்தில் தயங்குபவனாயும் இருத்தல் கூடும். அவனை முதலிற் காண்பவன் அவன் மொழி பேசும் மூத்த மாணவன். சிலவேளை அவன் கல்லூரியிலேயே பயின்ற அண்ணன். ‘வா தம்பி’ என்று பெட்டியைத் தூக்கவேண்டிய அக்கையே அவனை முழந்தாளிடச் செய்யுமாயின், அதனினும் பெரிய அவலம் வேறில்லை.

இது வெறும் விளையாட்டன்று என்பதற்குச் சான்று உண்டு. 1997 ஆம் ஆண்டிலே பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையின்போது கடும் உடற்பயிற்சிகளுக்கு உட்படுத்தப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு, 1998 இல், பகிடிவதையைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன்படி பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதனாற் பாரிய காயம் விளையின் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டம் வந்தும் வழக்கம் ஒழிந்ததா? இல்லை. சட்டம் நுழையாத இடங்களிலும் வழக்கம் நுழைந்துவிடுகின்றது.

பகிடிவதைக்கு நியாயம் கூறுவோர் உளர். செல்வன் வறியவன் என்ற பேதத்தை அது போக்குகின்றது என்பர். ஆங்கிலச் செருக்கை அடக்குகின்றது என்பர். மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே பாசத்தை வளர்க்கின்றது என்பர். இவ்வாதங்களை நாம் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. கண்டியின் பெரிய பாடசாலையில் ஆங்கிலம் பயின்றவனும், தோட்டத்து லயத்திலிருந்து வந்தவனும் ஒரே வகுப்பில் இருக்கையிலே பேதம் தோன்றுதல் உண்மை. ஆயின், யாவரையும் ஒருங்கே இழிவுபடுத்துவது சமத்துவமாகுமோ? பணமுள்ளவன் நகரிலே அறை வாடகைக்கெடுத்து ஒதுங்கிவிடுகின்றான். ஒதுங்க இடமின்றி விடுதியிற் கிடந்து வதைபடுபவன் வறியவனே. பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் மூத்தோரிடமிருந்தே கிடைக்குமாதலின், பணிய மறுத்தால் அவற்றையும் இழப்பவன் அவனே. அச்சத்தால் விளையும் பணிவு பாசமன்று. அடுத்த ஆண்டு தனக்கிளையவன்மேல் தீர்த்துக்கொள்ளும் கடனாகவே அது நிற்கும்.

இனி, எம்மையே நாம் நோக்குவோம். எமது காலத்திலும் இது இருந்தது. நாமும் ஓரிரவு விடுதி முற்றத்திலே வரிசையாய் நிறுத்தப்பட்டோம். மறு ஆண்டு, நிறுத்தியவர்களின் பின்னே நின்று நகைத்தோம். கையோங்கவில்லை என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டோம். இன்றும் பழைய மாணவர் விருந்துகளிலே அக்கதைகளைச் சுவைபடச் சொல்லுகின்றோம். அருகிருக்கும் இளைஞர் செவிமடுக்கின்றனர். அந்நகைப்பும் ஒரு போதனையே. பாடசாலையில் ஒழுக்கம் கற்பித்துவிட்டு, விருந்திலே அதற்கு மாறானதைக் கற்பிப்பவர் நாமே. இப்பழியைப் பல்கலைக்கழகத்தின்மேல் மட்டும் சுமத்துதல் தகாது.

ஆகவே, விழா ஆண்டிலே கட்டடத்துக்குக் கல்நாட்டுவதோடு அமையாது, மூன்று காரியங்களை மேற்கொள்ளல் வேண்டும். முதலாவது, உயர்தர வகுப்பு மாணவர் கல்லூரியை விட்டு நீங்குமுன், ஆசிரியர்கள் இவ்விடயத்தை ஒளிவுமறைவின்றி அவர்களோடு பேசுதல் வேண்டும். வதைபடாதிருத்தலை மட்டுமன்று, வதையாதிருத்தலையும் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் வாழும் பழைய மாணவர் குடும்பமொவ்வொன்றும் புதிதாய் வரும் ஒரு மாணவனையோ மாணவியையோ தம் பிள்ளையாக ஏற்று, முதல் மாதங்களில் ஞாயிறுதோறும் ஒருவேளை உணவளித்து விசாரித்தல் வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஓர் இலை மிகுதியாகப் போட்டாற் போதும். மூன்றாவது, அங்கே பயிலும் எமது மூத்த மாணவர் பழைய வினாத்தாள்களையும் குறிப்புகளையும் நிபந்தனையின்றிப் புதியவர்க்கு வழங்குதல் வேண்டும். உதவி நிபந்தனையற்றதாகுமாயின், பகிடிவதையின் பிடி பெரிதும் தளரும்.

பல்கலைக்கழகத்து மலையிலே மாணவர் வழிபடும் குறிஞ்சிக்குமரன் ஆலயம் உண்டு. அங்கே திருநீறு வாங்கக் கைநீட்டும்போது முதலாம் ஆண்டு, இறுதி ஆண்டு என்ற வரிசை இல்லை. அச்சந்நிதியில் அருகருகே நிற்கும் இருவர், படியிறங்கி விடுதிக்குத் திரும்பியதும் ஆண்டானும் அடிமையுமாய் மாறுதல் எம் சமயத்துக்கும் அடாது, எம் கல்லூரிக்கும் அடாது.

அடுத்த மலரிலே பேராதனை சென்றோரின் தொகையைப் பதிப்பிப்போர், அவர்களை எதிர்கொண்ட எமது மாணவர் எத்தகையோர் என்பதையும் நாணமின்றி எழுதக்கூடிய நிலை வருமாயின், அதுவே இவ்விழாவின் உண்மைப் பயனென நாம் கொள்வோம்.