நரம்பு சொல்லும், தசை கேட்காது



இரணைமடுவின் கீழ் வயற்கரைக் கொட்டில்களில் இன்றும் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. சாமத்தில் ஏதோ கடித்ததுபோல இருக்கும். எறும்பாக்கும் என்று திரும்பிப் படுத்துவிடுவோம். விடியப்புறம் வயிறு நோகும். பிறகு கண்மடல் விழும். எவ்வளவு முயன்றாலும் தூக்க வராது. பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது. வீக்கமும் இராது, பல் பட்ட இடமும் சரியாகத் தெரியாது. எட்டடி விரியன் கடித்தால் பெரும்பாலும் இப்படித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? நரம்புக்கலங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. செய்தி ஒரு நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடிவரும். நுனியில் ஓர் இடைவெளி. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் மின்துடிப்பு அதைத் தாண்டாது. நுனியிலுள்ள நுண்ணிய பைகள் ஓர் இரசாயனத்தைக் கொட்டும். அது அக்கரை சேர்ந்தால்தான் அடுத்த கலம் விழிக்கும். 1921 இல் ஒட்டோ லூவி என்ற அறிஞர் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. அந்த இரசாயனம் அசற்றைல்கோலின். நரம்பு நம் தசைக்குச் சொல்வதும் இதனால்தான்.

விரியனின் நஞ்சு இந்தச் சந்திப்பிடத்தைத்தான் பிடிக்கிறது. பைகளை வெறுமையாக்கி நரம்பு நுனியையே சிதைக்கும். மூளை மூச்சை இழுக்கச் சொல்லும், தசைக்குக் கேட்காது. நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் உலாவும் நஞ்சைப் பிடிக்குமே தவிர, சிதைந்த நுனியைத் திருத்தாது. ஆகவே பார்வை பார்க்க, வேர் அரைக்க என்று மணித்தியாலங்களைப் போக்காதீர்கள். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

இன்னொன்று. கண் திறக்காமல், விரல் அசையாமல் கிடப்பவரைப் பார்த்து “முடிஞ்சுது” என்று தலைமாட்டில் குழறாதீர்கள். அவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், சொல்வது கேட்கும். செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தால் நரம்பு நுனிகள் மெல்ல மெல்லத் திரும்ப வளரும். நாட்கள் எடுக்கும், சிலருக்கு வாரங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவரோடு கதையுங்கள்.

நுளம்பு வலையைப் பாயின் கீழ் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள். அது பாம்புக்கும் மறிப்பு.