இன்மையைப் பூச்சியமாக்கும் பிழை

கணினித் துறையிலே தொழில் புரிவோரிடையே ஒரு தவறான மனப்பாங்கு நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. செய்நிரலிலிருந்து தரவுத்தளத்துக்குத் தரவை அனுப்பும்போது ஒரு பெறுமானம் கிடைக்கப்பெறவில்லையாயின், அவ்விடத்திலே ஒரு பூச்சியத்தையோ, வெற்றுச் சரத்தையோ, 1900 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியையோ இட்டு நிரப்பிவிட்டால் போதும் என்பதே அம்மனப்பாங்கு. "இல்லாத ஒன்றுக்கு இலக்கணம் எதற்கு?" என அவர்கள் வினவுவர். வினா எளிமையானதுபோலத் தோன்றினும் அதன் விளைவு பாரதூரமானது. அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதுவது பதிவேட்டிலே பொய் எழுதுவதாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் அது 'நல்' என நின்று, நல்லதென்ற பொருளைத் தந்து நகைப்பை விளைவிக்கும். ஆதலின் இங்கு அதனை இன்மைக்குறி என்றே வழங்குவோம். இன்மையைத் தனியே வைத்து ஆராய்வது நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தேழாங் காதை அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தையும் ஓர் அளவையாக எண்ணுகின்றது. இன்மையை அறிவதும் ஓர் அறிவே என்று கொண்ட மரபினர், அதனைப் பூச்சியத்தோடு மயங்கவைத்தல் வெட்கத்துக்குரியது.

நமக்கு அணித்தாயுள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பிலே ஐந்து மாணவர். நால்வர் 60, 70, 50, 80 எனப் புள்ளி பெற்றனர். ஐந்தாமவர் நோயினாற் பரீட்சைக்குத் தோற்றவில்லை. தோற்றியோரின் சராசரி 65. ஐந்தாமவருக்குப் பூச்சியம் இட்டுவிட்டாலோ சராசரி 52 ஆகிவிடும். வகுப்பின் தரம் தாழ்ந்ததாகத் தோன்றும். நோயுற்ற மாணவர் விடைத்தாளில் ஒன்றுமே எழுதாதவராகப் பதிவாவர். மருத்துவச் சான்றிதழை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் ஒன்று சொல்ல, அதன் தரவுத்தளம் வேறொன்று சொல்லும். பிற்காலத்திலே அப்பதிவை வாசிப்பவர் சான்றிதழைக் காணப்போவதில்லை, பூச்சியத்தையே காண்பர்.

இப்பிழை எங்கே பிறக்கின்றது? பெரும்பாலும் செய்நிரலும் தரவுத்தளமும் சந்திக்கும் எல்லையிலேதான். டொட் நெற் சூழலிலே செய்நிரல்மொழியின் இன்மை வேறு, தரவுத்தளத்தின் இன்மைக்குறி வேறு. முன்னதை அப்படியே அளபுருவாக அனுப்பினால், அது அனுப்பப்படவேயில்லை எனக் கொண்டு தரவுத்தளம் பிழை காட்டும். 'டீபீநல்' எனும் தனிப் பெறுமானத்தை அனுப்புவதே முறை. ஆயின் அவசரக்காரர் என் செய்கின்றனர்? பிழைச் செய்தியை அடக்குவதே நோக்கமாய், வெற்றுச் சரத்தை இட்டு அனுப்புகின்றனர். பிழைச் செய்தி மறைந்துவிடும்; பிழையோ தரவுக்குள் நிரந்தரமாகக் குடிபுகும்.

திரும்பி வரும் வழியிலும் இவ்வாறே. ஜாவா மொழியின் தரவுத்தள இடைமுகத்திலே முழுவெண்ணை வாசிக்கும் கட்டளை, இன்மைக்குறியைக் கண்டவிடத்துப் பூச்சியத்தையே திருப்பித் தரும். வாசித்தது இன்மையா என்று செய்நிரலர் தனியே வினவுதல் வேண்டும்; வினவாதவர் பூச்சியத்தை நம்பி, அதனையே மீண்டும் தரவுத்தளத்தில் எழுதிவிடுவர். ஒரு முறை போய் வந்ததும் இன்மை எண்ணாகிவிடுகின்றது! இன்னுஞ் சிலர் வினவலைச் சரங்களாக ஒட்டி ஆக்குவர். அங்கே மேற்கோட்குறிக்குள் அகப்பட்ட இன்மைக்குறி நான்கெழுத்துடைய ஒரு வெறுஞ் சொல்லாகிவிடும். கலிபோர்னியாவிலே தமது வாகனத்தின் இலக்கத்தகட்டில் அவ்வாங்கிலச் சொல்லைப் பொறித்த ஒருவரிடம், பிறர்க்குரிய தண்டப்பணக் கோரிக்கைகள் 12,000 டொலருக்கு மேலாக வந்து குவிந்த செய்தி 2019 இல் வெளியாயிற்று. இடமறியாத தரவுகளுக்கெல்லாம் பூச்சியம் இட்டதன் விளைவாக, அகலாங்கும் நெட்டாங்கும் பூச்சியமாகச் சந்திக்கும் கினி வளைகுடாவின் வெறுங் கடற்பரப்பு, 'இன்மைத் தீவு' என்ற பரிகாசப் பெயரைப் பெற்றுள்ளது.

எதிர்த்தரப்பினர் பெரியோரைத் துணைக்கழைப்பர். 1965 இல் அல்கோல் டபிள்யூ மொழிக்கு இன்மைச் சுட்டை வகுத்த ரொனி ஹோர், 2009 இல் அதனைத் தமது நூறுகோடி டொலர்த் தவறு என ஒப்புக்கொள்ளவில்லையா என்பர். ஒப்புக்கொண்டார், ஆயின் அவர் பேசியது நினைவகத்திலுள்ள பொருளைச் சுட்டும் சுட்டுப் பற்றி. தரவுத்தளப் பதிவிலே ஒரு செய்தி அறியப்படவில்லை எனக் குறிப்பது வேறு விடயம். பெயரொற்றுமை கொண்டு வாதிடல் தருக்கமாகாது.

இவரினும் வலியவர் சி. ஜே. டேற்றைப் பின்பற்றுவோர். இன்மைக்குறி தரவுத்தளத்திலே அறவே வேண்டாம் என்பது அவர்தங் கொள்கை. அவர்கள் காட்டும் இடர்ப்பாடுகள் உண்மையானவை. எஸ்.கியூ.எல். மொழியிலே இன்மைக்குறி இன்மைக்குறிக்குச் சமமா என வினவினால் ஆம் என்றும் வாராது, இல்லை என்றும் வாராது. அறியோம் என்ற மூன்றாம் விடையே வரும். 50 புள்ளி பெற்றோரையும் 50 அல்லாத புள்ளி பெற்றோரையும் கூட்டினால் வகுப்பு முழுவதும் வாராது. விலக்குப் பட்டியலில் ஓர் இன்மைக்குறி புகுந்துவிட்டால், அப்பட்டியலில் இல்லாதோரைத் தருக என்ற வினவலுக்கு ஒருவரேனும் கிடையார். தோற்றியோரின் புள்ளிகளை மாத்திரம் தனி அட்டவணையில் வைத்தால் இன்மைக்குறிக்கே இடமில்லை என்பது அவர்கள் தரும் பரிகாரம். அது அழகியதே. ஆயினும் மாணவர் பட்டியலோடு அவ்வட்டவணையைப் புற இணைப்பாக இணைத்து ஒரு பெறுபேற்றுப் பட்டியலை ஆக்க முற்படும் கணத்திலே, வாசலால் விரட்டப்பட்ட இன்மை சாளரத்தால் வந்து நிற்கும். செய்நிரலர் அதனை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

தொடர்புத் தரவு மாதிரியை 1970 இல் முன்வைத்த ஈ. எஃப். கொட், 1985 இல் வகுத்த விதிகளுள் ஒன்றிலே, இன்மைக்குறி வெற்றுச் சரத்தினின்றும் பூச்சியத்தினின்றும் வேறாகக் கையாளப்படல் வேண்டும் என விதித்தார். 1990 இல் வெளிவந்த தமது நூலிலே இன்னும் ஒரு படி சென்று, பொருந்தும் ஆயின் அறியப்படவில்லை என்பதற்கு ஒரு குறியும், பொருந்தவே பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்றார். எஸ்.கியூ.எல். அவ்விரண்டாங் குறியை ஏற்கவில்லை. அதனால் நேர்ந்த இழப்பைத் தமிழர் நன்கறிவர். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பது அறியப்படாததன்று, பொருந்தாதது. அப்புலத்தைக் கட்டாயமாக்கிய படிவத்தின் முன்னே நம்மவர் ஒரு முற்றுப்புள்ளியை இடுகின்றனர், அல்லது தந்தையைக் குடும்பமாக்குகின்றனர். குற்றம் பெயரிலில்லை, படிவத்தை வகுத்தவரிடத்தேயுள்ளது.

இதனினும் துயரமான புலம் ஒன்றுண்டு. இறந்த திகதி என்ற இடம் வெறுமையாயின் அதன் பொருள் யாது? உயிரோடிருக்கின்றாரா? இறந்தும் திகதி தெரியவில்லையா? இருக்கின்றாரா இல்லையா என்பதே தெரியவில்லையா? இந்நாட்டின் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, இறப்புச் சான்றிதழுக்குப் புறம்பாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் ஒன்று வழங்க வழிசெய்யப்பட்டது. சட்டமே மூன்றாம் நிலையை ஏற்றுக்கொண்டது. வெறுமையைக் கண்டால் உயிரோடிருப்பவர் என எண்ணும் செய்நிரலும், ஏதோவொரு திகதியை இட்டு நிரப்பும் செய்நிரலும், காத்திருக்கும் ஒரு தாய்க்குத் தாம் அறியாத ஒன்றைத் தீர்ப்பாக வழங்குகின்றன. இத்தகைய இடங்களில் இன்மைக்குறி மாத்திரம் போதாது. அது ஏன் அங்கே நிற்கின்றது என்பதை உரைக்கும் காரணப் புலமொன்றும் அருகிலே வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. இன்மையை அனுமதிக்கும் புலம் எது, அனுமதியாத புலம் எது என்பதை அட்டவணையை வகுக்கும்போதே துணிக. அனுமதித்தவிடத்து இன்மைக்குறியை அளபுருவாக முறைப்படி அனுப்புக. வாசிக்கும்போது வினவி வாசிக்குக. பிழைச் செய்தியை அடக்குவதற்காகப் பொய்ப் பெறுமானம் இடும் வழக்கத்தை ஒழிக்குக. நமது பல்கலைக்கழகங்களிலே தரவுத்தளம் கற்பிப்போர் இதனைப் பாடத்தின் இறுதியில் ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளாது, முதல் வாரத்திலேயே உரைத்தல் வேண்டும். தெரியாது என்று எழுதும் துணிவு ஆய்வாளர்க்கு மாத்திரம் உரியதன்று. பிறர் வாழ்வைப் பதியும் செய்நிரலருக்கும் அது உரியதே.