பேராசையா, பயமா?

"உங்கள் கே.ஒய்.சி.யை டிராய் நிறுத்தி வைத்துள்ளது. 24 மணி நேரத்தில் சிம் முடக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்."

பி.எஸ்.என்.எல். முத்திரையோடு சுற்றிய இப்படியொரு நோட்டீஸ் போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு 2025-ல் எச்சரித்தது. ஆனாலும் ஏன் ஏமாறுகிறார்கள்?

"பேராசை பெரு நஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். லாட்டரிப் பரிசு மோசடிக்கு அது பொருந்தலாம். இங்கே ஆசை எங்கே இருக்கிறது? இருப்பது பயம் மட்டும்தான்.

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரை நினைத்துப் பாருங்கள். டவர் கிடைப்பதே அபூர்வம். நேரில் போய் விசாரிக்கலாம் என்றால், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சின்னமனூருக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். இருக்கிற ஒரே இணைப்பும் போனால் வெளியூரில் படிக்கும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது? அந்தத் தவிப்புதான் மோசடிக்காரனின் முதலீடு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துப்பிழையைத் தேடிப் பயனில்லை. இப்போது பிழையில்லாமலே எழுதுகிறார்கள். முத்திரையையும் நம்ப முடியாது. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கெடு வைத்து, பத்து இலக்கத் தனிநபர் எண்ணுக்குப் பேசச் சொல்கிறார்களா? திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்கிறார்களா? "பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்கிறார்களா? ஓ.டி.பி. கேட்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் சந்தேகமே வேண்டாம், மோசடிதான். தனிப்பட்ட வாடிக்கையாளரின் எண்ணைத் தான் துண்டிப்பதில்லை என்று டிராய் 2023-லேயே சொல்லிவிட்டது.

பணம் போய்விட்டால் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு. வெறும் மெசேஜோடு நின்றிருந்தால், சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 முதல் இருக்கும் சக்‌ஷு பகுதியில் புகார் செய்யலாம்.

இதையெல்லாம் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "கட் ஆனால் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம்." சிம்மைத் திரும்ப வாங்கிவிடலாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அப்படியா?