ஸ்கேனுக்குத் தப்பும் நோய்

‘உடலில் புற்றுநோய் இல்லை’ என்ற ஒரு சொல்லுக்காகவே நிணநீர்ப் புற்றுநோயாளிகள் மாதக்கணக்கில் கீமோதெரபியின் வேதனையைத் தாங்குகின்றனர். அந்தச் சொல்லை இன்று பெரும்பாலும் தீர்மானிப்பது பெட் ஸ்கேன். பிரான்ஸின் டோவில் நகரில் 2009-இல் கூடிய வல்லுநர்கள் வகுத்த ஐந்து படி அளவுகோலில், முதல் மூன்று படிகளுக்குள் முடிவு அமைந்தால் நோய் முற்றிலும் அடங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

அடங்கியதெல்லாம் அழிந்ததாகிவிடாது. வேகமாக வளரும் லிம்போமாக்களில் பரவலாகக் காணப்படும் பெரிய பி-செல் வகையில், முதல்கட்ட சிகிச்சை பெறுவோரில் பத்தில் மூன்று, நான்கு பேருக்கு நோய் கட்டுப்படுவதில்லை, அல்லது திரும்பிவிடுகிறது. மிகச் சிறிய செல் கூட்டங்கள் ஸ்கேனுக்குப் புலப்படுவதில்லை. மாறாக, காசநோயும் அழற்சியும் அதில் புற்றுநோய்போல ஒளிரக்கூடும். காசநோய் மிகுந்த இந்தியாவில் இது சிறிய சிக்கல் அன்று.

இந்தக் குறையை ஈடுசெய்ய ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. கட்டியின் மரபணு அடையாளத்தை முதலிலேயே பதிவு செய்துகொண்டு, புற்றுசெல்கள் ரத்தத்தில் உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகளைச் சிகிச்சைக்குப் பின் தேடுகிறார்கள். ஆனால், ஸ்கேனில் தெரியாத நோய் ரத்தத்தில் தெரிந்தால் உடனே மருந்தைத் தொடங்குவது ஆயுளை நீட்டிக்குமா என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. மருந்தில்லாத அறிவு நோயாளிக்கு அச்சத்தையே மிச்சமாக்கும்.

இதன் மறுபக்கமே நம்பிக்கை தருகிறது. மேன்டில் செல் லிம்போமா குறித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. பத்து லட்சம் செல்களில் ஒன்றைக்கூடக் கண்டறியும் சோதனையில் எஞ்சிய நோய் இல்லையெனத் தெரிந்தவர்களுக்கு, ஸ்டெம்செல் மாற்று சிகிச்சையால் கூடுதல் பயன் கிட்டவில்லை. அதைப் பெற்றவர்களிலும், ரிடுக்சிமாப் மருந்து மட்டும் பெற்றவர்களிலும் மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் சுமார் 82 விழுக்காட்டினர். கடுமையான, செலவுமிக்க ஒரு சிகிச்சையைத் தவிர்க்க அந்தச் சோதனை வழிகாட்டியது.

நாம் தொடங்க வேண்டிய இடம் இதுவே. ரத்தப் புற்றுநோயில் எஞ்சிய செல்களைத் தேடும் அனுபவம் நம் பெரிய புற்றுநோய் மையங்களுக்கு உண்டு. நிணநீர்ப் புற்றுநோய்க்கும் அதை விரிவாக்கி, நோய் கண்டறியும் நாளிலேயே திசு மாதிரியைப் பாதுகாத்து, அரசு மருத்துவமனை நோயாளிகளையும் ஆய்வுகளில் சேர்க்க வேண்டும். தவறினால், வசதி படைத்தோர் விலைகொடுத்து வாங்கும் பதற்றமாகவே இச்சோதனை எஞ்சும்.