வானம் சோதிடர்களின் சொத்தன்று

விண்மீன் கூட்டங்களைப் பற்றிப் பிள்ளை ஒன்று கேட்டால், நம் வீடுகள் பலவற்றில் பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். "அது சோதிடக்காரர் வேலை, நமக்கு ஆகாது" என்று கூறி அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். இதனைப் பேணுதல் என்றும் எண்ணுகின்றனர். இது பேணுதலன்று, அறியாமையே என்கிறோம் நாம்.

விண்மீன்கள் மனிதனின் விதியை எழுதுகின்றன என்னும் நம்பிக்கையை மார்க்கம் அடியோடு மறுக்கிறது. அதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், விண்மீனிடம் பலன் கேட்பது வேறு. விண்மீனைக் கொண்டு திசையறிவது வேறு. கரையிலும் கடலிலும் இருளில் வழியறிய அவை அமைக்கப்பட்டுள்ளன எனத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் (6:97) அறிவிக்கிறது. அந்நஜ்மு அத்தியாயமோ (53:49) ஷிஃரா என்னும் விண்மீனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதனை ஓதுவோருள் எத்தனை பேர் அவ்விண்மீனை அடையாளம் காட்டுவர்?

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். சோதிடத்தை மறுத்து இப்னு ஸீனா தனி நூலே எழுதினார். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 அளவில் 48 விண்மீன் கூட்டங்களைப் படங்களுடன் விளக்கி நூல் செய்தார். 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியலறிஞருள் ஒருவரான இப்னு ஷாத்திர், திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்தார். பள்ளிவாசலில் இடம்பெற்ற கலையை நம் வீட்டு மாடியிலிருந்து விலக்குவது என்ன நியாயம்?

"மேனாட்டார் கலை" என்று ஒதுக்குவோரும் உளர். தமிழர் திருவாதிரை என்னும் செந்நிற மீனை ஆங்கிலேயர் பீட்டல்ஜூஸ் என்பர். அது 'யதுல் ஜவ்ஸா' என்ற அரபுப் பெயரின் சிதைவு. ஜவ்ஸாவின் கை என்பது பொருள். வீட்டுப் பொருளையே அந்நியம் என்று தள்ளுகிறோம்!

கற்பதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஜனவரி மாதத்தில் இஷாத் தொழுகைக்குப்பின் கிழக்கு வானை நோக்குங்கள். ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும்; அவை ஜவ்ஸா கூட்டத்தின், அதாவது ஓரியனின், இடைவார். அவ்வரிசையைக் கீழே நீட்டினால், இரவு வானின் விண்மீன்களுள் மிகுந்த ஒளியுடைய ஷிஃரா. மேலே நீட்டினால் ரோகிணி என்னும் அத்தபரான். அதற்கும் அப்பால் கார்த்திகை என்னும் துரையா. மூன்றில் முதலில் உதிப்பது மின்தகா. அது ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. தமிழ்நாட்டிலிருந்து கிப்லா, அது மறையும் இடத்திற்குச் சற்று வடக்கே உள்ளது.

கைப்பேசி கிப்லாவைக் காட்டுகிறதே என்பீர்கள். காட்டட்டும். அது காட்டும் திசை சரியா என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டாமா? பிறை பார்க்க ஆண்டிற்கு இருமுறை மட்டும் மாடி ஏறி, பிறகு ஊர் இரண்டுபட வாதாடும் நாம், மற்ற இரவுகளிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறுவோமாக. வானத்தைப் பழகிய கண்ணே பிறையையும் பிழையின்றிக் காணும்.